வள்ளத்தில ரேடியோ இருந்தது, கூப்பிடத் தெரியேல்லை: ஒன்ராறியோ ஏரிக்குப் போறவை வாசியுங்கோ

வள்ளக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் மே மாதம் நடந்ததை இப்பதான் எழுத மனம் வந்தது. கொஞ்சம் நீட்டு, பொறுத்து வாசியுங்கோ.

ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க் இறக்கத்தில இருந்து விடிய அஞ்சரைக்கு சல்மன் பிடிக்க வெளிக்கிட்டம். நான், மச்சான், மச்சான்ர 14 வயசு மகன், இன்னொரு கூட்டாளி. வள்ளம் 19 அடி, மாரியில ஒருத்தரிட்டைப் பழசா வாங்கினது. காத்து வடக்கை. உங்களுக்குத் தெரியும், அந்த மேட்டுக் கரை வடக்குக் காத்தை மறைச்சுப்போடும். கரையில நிண்டு பார்க்கத் தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் நல்ல நாள் எண்டு நினைச்சம். வெளியில போகப் போகத்தான் காத்து தெரிஞ்சது, அதுவும் கரையில இருந்து நடு ஏரிக்குத் தள்ளுற காத்து.

எட்டு மணி போல இஞ்சின் இருமி இருமி நிண்டுட்டுது. பெற்றோலுக்குள்ள தண்ணி. நங்கூரம் போட்டம், கயிறு முடிஞ்சுது, தரை முட்டேல்லை. கரை சின்னனாகிக்கொண்டே போச்சு.

போனை எடுத்தா அது அமெரிக்கப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிச்சு "வெல்கம்" எண்டு செய்தி அனுப்புது. 911 அடிச்சன். "எங்கை நிக்கிறியள்?" எண்டு கேட்டினம். "லேக்கில" எண்டதுக்கு மேல என்னால ஒண்டும் சொல்ல முடியேல்லை. லைன் அறுந்தது. திருப்பி எடுக்க அறுந்தது.

பிறகுதான் ரேடியோ ஞாபகம் வந்தது. வாங்கேக்கயே வள்ளத்தில பூட்டியிருந்த வி.எச்.எஃப். ரேடியோ, வள்ளங்கள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறது. போட்டன், ஒருத்தர் கதைக்கிற சத்தம் கேட்டுது. பட்டனை அமத்தி "ஹலோ, ஹெல்ப், வி நீட் ஹெல்ப்" எண்டு ஒரு கால் மணித்தியாலம் கத்தினன். அவர் தன்ர பாட்டில கதைச்சுக்கொண்டே இருந்தார். மச்சான் சொன்னான், "அண்ணை, உது மிசின் கதைக்குது." கதைச்சது வானிலை அறிக்கை. அந்தச் சனலில கேக்க மட்டும்தான் ஏலும், அனுப்ப ஏலாது எண்டு எனக்கு அண்டைக்குத் தெரியாது.

சிவப்பு மூடிக்குக் கீழ ஒரு பட்டன் இருந்தது. அமத்தினா அபராதம் வருமோ எண்டு பயத்தில தொடேல்லை.

மருமகன் செம்மஞ்சள் லைப் ஜக்கெற்றை ஆட்டினான். ஒரு வயசான வெள்ளைக்கார ஐயா, தனியா மீன் பிடிக்க வந்தவர், கண்டு கிட்ட வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கரைக்கு வந்தாப்பிறகு எங்கட வள்ளத்துக்குள்ள ஏறி ரேடியோவைப் பார்த்தார். அதில 16 எண்டு எழுதின ஒரு பட்டன் தனியா இருந்தது. அதை விரலால தட்டிக் காட்டி, "இதை அமத்தியிருந்தா நான் ஒரு மணித்தியாலத்துக்கு முதலே கேட்டிருப்பன்" எண்டார். அவற்ர ரேடியோ காலமையில இருந்து 16 இலதான் கிடந்ததாம்.

அந்தச் சொல்லை என்னால மறக்க ஏலாமல் இருக்கு. மாரியில வகுப்புக்குப் போய் ஆர்.ஓ.சி. எண்ட ரேடியோ அத்தாட்சிச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினன். இஞ்ச வள்ளம் வைச்சிருக்கிற எங்கட ஆக்கள் கூடிக்கொண்டு போகினம். உங்கட வள்ளத்தில ரேடியோ இருக்கா, ஆருக்கு அதைப் பாவிக்கத் தெரியும்? எழுதுங்கோ.

---

பிக்கரிங்_பெடியன் எழுதியது:

அண்ணை, தப்பி வந்தது சந்தோசம். ஆனா உந்த ரேடியோ, வகுப்பு, சோதனை எல்லாம் பெரிய கப்பலுக்கு. இப்ப எல்லாற்ற கையிலையும் போன் இருக்கு. சார்ஜ் பண்ணி ஒரு பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டா காணும். நான் ஆறு வருசமா ஃப்ரெஞ்ச்மன்ஸ் பேயில இருந்து போறன், ஒரு பிரச்சினையும் இல்லை. வள்ளம் ஓட்டுறதுக்கான பி.சி.ஓ.சி. காட் இருக்கு, பொலிஸ் மறிச்சாலும் அதைத்தான் கேக்கிறான்.

---

சுக்கான் எழுதியது:

தம்பி, போன் வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கொண்டு போங்கோ. கனடாவில போனில நட்சத்திரக் குறியும் 16 உம் அடிச்சா, சிக்னல் இருந்து, உங்கட போன் கம்பனியும் அந்த வசதி தந்தால், நேர கோஸ்ட் காட் எண்ட கரையோரக் காவல் படைக்குப் போகும். அந்த இலக்கத்தை இண்டைக்கே போனில பதிஞ்சு வையுங்கோ.

ஆனா போன் ஒரு ஆளைத்தான் கூப்பிடும். ரேடியோ அந்தச் சுற்றுவட்டாரத்தில இருக்கிற எல்லாரையும் கூப்பிடும். கோஸ்ட் காட் அரை மணித்தியாலத் தூரத்தில நிக்கலாம், பக்கத்தில அஞ்சு நிமிசத்தில வரக்கூடிய மீன்பிடி வள்ளம் நிக்கும். வள்ளக்காரனை இழுத்து வந்த ஐயா அப்பிடி ஒருத்தர்தானே. அவற்ர போன் இலக்கம் ஆருக்குத் தெரியும்? 16 ஆவது சனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், எல்லாருக்கும் பொதுவான வாசல். ரேடியோ உள்ள வள்ளம் வேற வேலையில்லாத நேரம் அதிலதான் காது குடுத்துக்கொண்டிருக்க வேணும். பேரேரிகளில பிரெஸ்கொட்டிலயும் சார்னியாவிலயும் இருக்கிற கோஸ்ட் காட் நிலையங்கள் இரவு பகலாக் கேக்கினம். மீட்பை ஒழுங்கு படுத்துறது ட்ரென்ரனில இருக்கிற கூட்டு மையம்.

எட்டுற தூரத்தையும் சொல்லுறன், ஏனெண்டா கையில பிடிக்கிற சின்ன ரேடியோ வாங்கினாக் காணும் எண்டு கன பேர் நினைக்கினம். வி.எச்.எஃப். கிட்டத்தட்ட நேர்கோட்டிலதான் போகும். அன்ரெனா தண்ணியில இருந்து எத்தினை மீற்றர் உயரமோ, அதின்ர வர்க்கமூலத்தை நாலால பெருக்குங்கோ, கிலோமீற்றர் வரும். வள்ளத்தில இருந்துகொண்டு கையில பிடிச்சா ஒரு மீற்றர் உயரம், 4 கிலோமீற்றர். மற்ற வள்ளக்காரரும் அப்பிடிப் பிடிச்சா ரெண்டையும் கூட்டி 8. நாலு மீற்றர் உயரத்தில அன்ரெனா பூட்டினா உங்கட பங்கு 8. அங்கால கோஸ்ட் காட்டின்ர 100 மீற்றர்க் கோபுரம் இருந்தா அதின்ர பங்கு 40. கோபுரம் எட்டும் எண்டதை வைச்சு மற்ற வள்ளமும் எட்டும் எண்டு நினைக்கக் கூடாது. சக்தியிலயும் வித்தியாசம்: பூட்டின ரேடியோ 25 வாட், கையில பிடிக்கிறது 5, 6 வாட்.

பி.சி.ஓ.சி. பற்றி: அது வள்ளம் ஓட்டத் தெரியும் எண்டதுக்கு அத்தாட்சி. இஞ்சின் பூட்டின எதுக்கும், சின்ன மின்சார மோட்டர் எண்டாலும், 2009 செப்டெம்பரில இருந்து எல்லா வயசுக்காரருக்கும் வேணும். ரேடியோவில கதைக்க அது காணாது, ஆர்.ஓ.சி. வேற அத்தாட்சி. ரெண்டும் ஒருக்கா எடுத்தா ஆயுளுக்கும் செல்லும்.

---

மிஸ்ஸிசாகா_மீனவன் எழுதியது:

அண்ணா, நான் சென்னைக்காரன், இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. போர்ட் கிரெடிட் பக்கம் ஒரு சின்ன ஃபைபர் போட் வச்சிருக்கேன். ஆன்லைன்ல ரெண்டு கையடக்க மெரைன் ரேடியோ வாங்கினேன். ஒண்ணு போட்ல, இன்னொண்ணு கரைல மனைவிகிட்ட. "சாப்பாடு ரெடி, வாங்க"ன்னு சொல்ல வசதியா இருக்கு. அதுக்கும் லைசன்ஸ் வேணுமா? ரெண்டு பேரும் தமிழ்லதான் பேசுறோம்.

---

சுக்கான் எழுதியது:

தம்பி, கையில பிடிக்கிறதுக்கும் ஆர்.ஓ.சி. வேணும். கரையில நிண்டு மெரைன் ரேடியோவில கதைக்கிறது சட்டப்படி பிழை, அது தண்ணியில நிக்கிற வள்ளத்துக்கானது. வீட்டு ஆக்களோட கதைக்க, லைசன்ஸ் தேவையில்லாத குடும்ப ரேடியோக்கள் கடையில விக்கினம். தங்கச்சிக்கு அதில ஒண்டு வாங்கிக் குடுங்கோ. கையில இருக்கிற ரெண்டாவதை வீசாதையுங்கோ. பூட்டின ரேடியோவின்ர பற்றரிக்குத் தண்ணி போனா உங்களைக் காப்பாத்திறது அதுதான்.

எந்தச் சனலில கதைச்சனியள்? 16 இல எண்டா உடன நிப்பாட்டுங்கோ. 16 இல கூப்பிடலாம், மற்றவர் மறுமொழி சொன்ன உடன 68, 72 மாதிரி ஒரு வேலைச் சனலுக்கு மாற வேணும். 70 இல வாயே திறக்கக் கூடாது, அது டி.எஸ்.சி. எண்ட இலக்க அழைப்புக்கு மட்டும். "ரேடியோ வேலை செய்யுதா" எண்டு பார்க்கிறதுக்கும் 16 வேண்டாம். ஆரும் "மேடே" எண்டு உயிராபத்து அழைப்புச் சொல்லிக் கேட்டா மைக்கில இருந்து கையை எடுத்துப்போட்டு, பேனையும் கடதாசியும் எடுத்து எழுதுங்கோ. கோஸ்ட் காட் மறுமொழி சொல்லாட்டி, கிட்ட நிக்கிற நீங்கள்தான் சொல்ல வேணும்.

அமெரிக்கத் தண்ணிக்குள்ள போறதெண்டா இன்னொரு விசயம். கனடாவுக்குள்ள மட்டும் ஓடுற வள்ளத்தின்ர ரேடியோவுக்குத் தனி லைசன்ஸ் தேவையில்லை. எல்லை தாண்டினா வேணும்.

---

மிஸ்ஸிசாகா_மீனவன் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. 16லதான் பேசிட்டு இருந்தோம். யாரும் சொல்லல, தெரியாமப் போச்சு. இன்னிக்கே நிறுத்திட்டேன்.

---

வள்ளக்காரன் எழுதியது:

சுக்கான் அண்ணை டி.எஸ்.சி. பற்றிச் சொன்னபடியால அந்தச் சிவப்பு மூடி விசயத்தை முடிக்கிறன். பழைய வள்ளம் வாங்கின எல்லாரும் இதைப் பாருங்கோ.

அந்த மூடியைத் திறந்து பட்டனை அஞ்சு செக்கன் அளவில அமத்திப் பிடிச்சா, ரேடியோ தானா 70 ஆவது சனலில ஒரு அபாய அழைப்பை அனுப்பும். ஆரும் கேட்டு ஏற்கும் வரைக்கும் நாலு நிமிசத்துக்கு ஒருக்காத் திருப்பித் திருப்பி அனுப்பும். அதுக்குள்ள எங்கட வள்ளத்தை அடையாளம் காட்டுற ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண் போகும், கனடா வள்ளம் எண்டா 316 இல தொடங்கும். ஜி.பி.எஸ். இணைஞ்சிருந்தா நிக்கிற இடமும் போகும். நான் 911 காரருக்குச் சொல்லத் தெரியாமல் நிண்ட அதே இடம்.

வகுப்பால வந்து என்ர ரேடியோவைத் திறந்து பார்த்தன். ஜி.பி.எஸ். வயர் ரெண்டும் பின்னால சும்மா தொங்குது, ஒண்டோடயும் கொழுவேல்லை. எம்.எம்.எஸ்.ஐ. எண் இருந்தது, ஆனா அது வித்த ஆளின்ரை. அண்டைக்கு நான் பட்டனை அமத்தியிருந்தா, நிக்கிற இடம் இல்லாமல் அழைப்புப் போயிருக்கும். கோஸ்ட் காட் பதிவைப் பார்த்து அந்த மனுசன்ர வீட்டுக்கு போன் பண்ணியிருக்கும். அவர் "நான் வீட்டிலதான் நிக்கிறன், வள்ளத்தை வித்துட்டன்" எண்டிருப்பார்.

எண் இலவசம், விண்ணப்பிச்சா அரசாங்கம் தரும். ஆனா கன ரேடியோக்களில எண்ணை ஒருக்கா, மிஞ்சினா ரெண்டு தரம்தான் பதியலாம். என்ரையைக் கடையில குடுத்துத்தான் அழிச்சுப் புதுசு போட வேண்டியிருந்தது. ஆகவே பழைய வள்ளம் வாங்கேக்க இஞ்சினைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ரேடியோவின்ர எண்ணையும் கேளுங்கோ.

---

பிக்கரிங்_பெடியன் எழுதியது:

சரி, அது விளங்குது. ஆனா பிழையா அமத்தினா? பிள்ளையள் விளையாட்டுக்கு அமத்தினா அபராதம் வராதே? அண்ணை பயந்ததிலயும் நியாயம் இருக்கு.

இன்னொண்டு. எங்கட சனம் கடலோட பிறந்த சனம். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938 இல அத்திலாந்திக் தாண்டி அமெரிக்காவில குளோஸ்டர் வரைக்கும் போனது. நான் தொண்டைமானாறில நீந்திப் பழகினவன். இந்த ஏரிக்கு இவ்வளவு பயம் வேணுமோ?

---

சுக்கான் எழுதியது:

வேணுமெண்டு பொய் அபாய அழைப்பு விடுறதுதான் குற்றம், அதுக்கு மறியலும் இருக்கு. தவறிப் பட்டா ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு ஒளிக்கக் கூடாது. உடன 16 இல வந்து வள்ளத்தின்ர பேரையும் எண்ணையும் சொல்லி, "அழைப்பு தவறிப் போனது, இரத்துச் செய்யிறன்" எண்டு அறிவிக்க வேணும். அவ்வளவுதான். உண்மையா ஆபத்தில அமத்தினவரை ஒருத்தரும் தண்டிக்க மாட்டினம்.

வள்ளக்காரன்ர நிலைமைக்கு "மேடே" கூடத் தேவையில்லை. உடன உயிராபத்து எண்டாத்தான் மேடே. இஞ்சின் நிண்டு இழுபடுறது "பான் பான்". மூண்டு தரம் சொல்லி, என்ன உதவி வேணும் எண்டு சொல்லுறது. காத்துக் கூடி வள்ளத்துக்குள்ள தண்ணி ஏறினா அப்ப மேடேக்கு மாறலாம்.

அன்னபூரணி பற்றிச் சொன்னியள். என்ர அப்புவும் வல்வெட்டித்துறைதான், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதில போனவை தங்கட கப்பலின்ர ஒவ்வொரு கயிறும் எதுக்குக் கட்டினது எண்டு தெரிஞ்சவை. எங்கட அப்பு காத்து மாற முதல் மணந்து சொல்லுவார். நாங்கள் சனிக்கிழமை காலமை ட்ரெய்லரில இழுத்துக்கொண்டு போய் இறக்கிற ஆக்கள். அவையின்ர பேரைச் சொல்லுறதெண்டா அவை மாதிரி எங்கட வள்ளத்தில இருக்கிற சாமானை அறிஞ்சு வைச்சிருக்க வேணும்.

---

ஏரிக்கரை எழுதியது:

நான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில நேர்ஸா வேலை செய்யிறன். நீச்சல் பற்றிச் சொன்ன தம்பிக்கு எழுதிறன், கோவிக்காதையுங்கோ.

தொண்டைமானாறுத் தண்ணி இளஞ்சூடு. மே மாதம் ஒன்ராறியோ ஏரி வெளியில வெயில் அடிச்சாலும் குளிர்சாதனப் பெட்டித் தண்ணி. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் தானே குளிர்தண்ணிக்குள்ள இறங்கி ஆராய்ச்சி செய்தவர். அவர் சொல்லிக் குடுத்த கணக்கு 1, 10, 1. விழுந்த உடன ஒரு நிமிசம், மூச்சு உங்கட கட்டுப்பாட்டில இருக்காது, இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள போனா நீச்சல் தெரிஞ்சவரும் தண்ணியைத்தான் உறிஞ்சுவார். பிறகு பத்து நிமிசம், கையும் காலும் சொல்லுக் கேக்கிற நேரம். அதுக்குப் பிறகு விரல் மடங்காது, கயிறு பிடிக்க ஏலாது. ஒரு மணித்தியாலம் அளவில நினைவு தப்பும். லைப் ஜக்கெற் போட்டவருக்குத்தான் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலம் கிடைக்கும். போடாதவர் பத்து நிமிசத்தோட போயிடுவார்.

கனடாச் சட்டம் வள்ளத்தில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அளவான, அங்கீகாரம் பெற்ற ஜக்கெற் வள்ளத்துக்குள்ள இருக்க வேணும் எண்டுதான் சொல்லுது. பெரியாக்கள் போட்டிருக்க வேணும் எண்டு பொதுவாச் சொல்லேல்லை. இதைத்தான் எங்கட ஆக்கள் பிடிச்சுக்கொண்டு சீற்றுக்குக் கீழ பொலித்தீன் உறையோட வைச்சிருக்கினம். தண்ணிக்குள்ள விழுந்தாப்பிறகு ஜக்கெற் போட்டுப் பாருங்கோ. சமரில நீச்சல் குளத்தில என்ர புருசனை அப்பிடிச் செய்ய வைச்சன். சூடான குளத்திலயே அவருக்குக் கொளுக்கி மாட்ட ஏலேல்லை.

பிள்ளையளுக்கு "வளருவினம்தானே" எண்டு பெருசு வாங்காதையுங்கோ. தோளில பிடிச்சுத் தூக்கினா ஜக்கெற் காதுக்கு மேல வந்தா அது அளவில்லை. காத்து நிரம்புற வகை 16 வயசுக்குக் குறைஞ்சவைக்கும் 36.3 கிலோவுக்குக் குறைஞ்சவைக்கும் அங்கீகாரம் இல்லை. கிழிஞ்சதைத் தைச்சாலும் அங்கீகாரம் போயிடும்.

---

கொற்றேஜ்_குடும்பம் எழுதியது:

நாங்கள் ஒவ்வொரு ஓகஸ்ட்டும் கவார்த்தா ஏரிகளில கொற்றேஜ் எடுத்து, பொன்ரூன் எண்ட தட்டை வள்ளம் வாடகைக்கு எடுக்கிறனாங்கள். மூண்டு குடும்பம், பிள்ளையளோட 13 பேர். ஒருத்தரிட்டயும் பி.சி.ஓ.சி. இல்லை, கடைக்காரன் ஒரு தாளில கையெழுத்து வாங்கிறான். அது காணுமோ? ஆம்பிளையள் வள்ளத்திலதான் பியர் குடிக்கினம், சொன்னாக் கேக்கினம் இல்லை.

---

சுக்கான் எழுதியது:

பிள்ளை, அந்தத் தாள் வாடகை வள்ளத்துக்கான பாதுகாப்புப் பட்டியல். வாடகைக் காலத்துக்கு அது செல்லும். ஆனா கடைக்காரர் ஒவ்வொரு சாமானையும் காட்டி விளங்கப்படுத்தினாப் பிறகுதான் கையெழுத்துப் போட வேணும். தகட்டைப் பாருங்கோ, எத்தினை பேர் ஏறலாம் எண்டு வள்ளத்திலயே ஒட்டியிருக்கும். 10 எண்டா 10 தான், குழந்தையும் ஒரு ஆள்.

குடி விசயத்தில ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லுறன். ஒன்ராறியோவில, நிரந்தரமாப் படுக்க, சமைக்க, மலசலகூடம் போக வசதி உள்ள வள்ளம், அதுவும் கட்டி அல்லது நங்கூரம் போட்டு நிக்கேக்க மட்டும்தான் குடிக்கலாம். வாடகைப் பொன்ரூனில இந்த மூண்டும் ஒண்டா இருக்காது. வெறியில வள்ளம் ஓட்டிப் பிடிபட்டா கார் லைசன்ஸும் போகும், குற்றவியல் சட்டத்தில ரெண்டும் ஒண்டுதான். அந்த ஆம்பிளையளுக்கு இந்தப் பதிவைக் காட்டுங்கோ. கேக்காட்டி நீங்கள் பிள்ளையளோட கரையில நில்லுங்கோ, ஏறாதையுங்கோ.

---

பிக்கரிங்_பெடியன் எழுதியது:

ஏரிக்கரை அக்கா, கோவம் ஒண்டும் இல்லை. நேற்று வள்ளத்தைத் திறந்து எல்லாத்தையும் வெளியில எடுத்துப் பார்த்தன். ஆபத்தில கொளுத்திக் காட்டுற ஃப்ளேர் இருக்குது, ஆனா செய்த திகதியில இருந்து நாலு வருசம்தான் செல்லுமாம், என்ர ஏழு வருசப் பழசு. 15 மீற்றர் எறிகயிறு முடிச்சு விழுந்து கட்டியாக் கிடக்கு. ஒரு ஜக்கெற்றில எலி கடிச்சிருக்கு. ஆறு வருசமா ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு எழுதினனான், பிரச்சினை வராததாலதான் இதுகளைப் பார்க்கேல்லை.

ரேடியோ வாங்கிறன். ஆர்.ஓ.சி. வகுப்பு எங்கை எடுக்கலாம்? மனுசி கேக்கிறா, நீங்கள் விழுந்தா நான் என்ன செய்யிறது எண்டு.

---

வள்ளக்காரன் எழுதியது:

தம்பி, அந்தச் சோதனையைக் கனேடியன் பவர் அண்ட் செயில் ஸ்குவாட்ரன்ஸ் நடத்தினம். அவையின்ர இணையத்தளத்தில உங்கட ஊருக்குப் பக்கத்து வகுப்பு இருக்கும்.

உங்கட மனுசி கேட்டதுதான் சரியான கேள்வி. அண்டைக்கு நான் விழுந்திருந்தா மச்சானுக்கு இஞ்சின் நிப்பாட்டக் கூடத் தெரியாது. ஆபத்து நேரம் அத்தாட்சி இல்லாதவரும் ரேடியோவில உதவிக்குக் கூப்பிடலாம், ஒருத்தரும் காட் கேக்க மாட்டினம். அதனால என்ர வள்ளத்தில ஏறுற ஆர் எண்டாலும் முதல் ஒரு மட்டையை வாசிச்சுக் காட்ட வேணும். ரேடியோவுக்குப் பக்கத்தில தண்ணி படாமல் லமினேற் பண்ணி ஒட்டியிருக்கிறன். அம்மாவுக்கு இங்கிலிஸ் வாசிக்க வராது, அதால சொல்ல வேண்டிய இங்கிலிஸைத் தமிழ் எழுத்தில எழுதினன். வேணுமெண்டா எடுத்துப் பாவியுங்கோ, வள்ளத்தின்ர பேரையும் (என்ரேன்ர பேர் "கடல்") எண்ணையும் மாத்திப்போட்டு:

சிவப்பு மூடி திற. பட்டனை அஞ்சு எண்ணும் வரை அமத்து. பிறகு 16 பட்டன். மைக்கை அமத்திக்கொண்டு ஆறுதலாச் சொல்லு:
மேடே, மேடே, மேடே.
திஸ் இஸ் கடல், கடல், கடல். த்ரீ வன் சிக்ஸ்… (மிச்ச எண் கீழ இருக்கு, ஒவ்வொண்டா வாசி)
மேடே கடல்.
மை பொசிசன் இஸ்… (ஜி.பி.எஸ். பெட்டியில முதல் ரெண்டு வரி)
மேன் ஓவர்போட் (ஆள் தண்ணிக்குள்ள). / வி ஆர் சிங்கிங் (வள்ளம் தாழுது). / ஃபயர் (நெருப்பு). (எது நடந்ததோ அது)
வி நீட் ஹெல்ப். … பீப்பிள் ஒன் போட். வைற் போட், நைன்ரீன் ஃபீற்.
ஓவர்.
மைக்கை விடு. விடாட்டி மறுமொழி கேக்காது.

அந்தக் கடைசி வரி என்ர மருமகன் சேர்க்கச் சொன்னது. பயத்தில எல்லாரும் மைக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே இருப்பினம் எண்டு வகுப்பிலயும் சொன்னவை.

போன ஞாயிறு ட்ரெய்லரில நிக்கிற வள்ளத்தில அம்மாவை ஏத்தி, ரேடியோவை நிப்பாட்டி வைச்சு வாசிக்கச் சொன்னன். அம்மாவுக்கு 71 வயசு. மூண்டாம் தரம் மட்டையைப் பார்க்காமலே "மேன் ஓவர்போட்" வரைக்கும் வந்தா. பிறகு மைக்கை விட்டுப்போட்டு, "இனி அவங்கள் என்ன சொல்லுவாங்கள்?" எண்டு கேட்டா. அதையும் எழுதி அடுத்த மட்டை செய்துகொண்டிருக்கிறன், முடிய இஞ்ச போடுறன்.